புகை யந்திரமும் சர்வகலாசாலையும்

ஐப்பசி மழை ஓய்ந்து, சிதம்பரம் தேர் வீதிகளின் ஓரங்களில் தேங்கிய நீர் பச்சை பூத்து நிற்கும் நாட்களிலே, விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஒரு பேரிரைச்சல் கேட்கும். மோட்டார் சைக்கிளின் சப்தமன்று; மாவு மில்லின் சப்தமுமன்று. முரட்டுத் துணியை இடைவிடாமல் கிழிப்பது போன்றதொரு கடூரமான ஒலி. தோளில் வாரிட்டு ஒரு நீண்ட குழலைத் தாங்கியபடி ஒருவர் நடந்து வருவார். குழலின் நுனியிலிருந்து வெண்புகை சுருள் சுருளாய்க் கிளம்பி வீதியையே மறைக்கும். சிறுவர்கள் புகைக்குள் புகுந்து கூத்தாடுவார்கள். பெரியோர் கதவையும் ஜன்னலையும் அவசரமாகச் சாத்துவார்கள். (புகை உள்ளே வந்தாலன்றோ வீட்டுக் கொசு சாகும், உணவை மூடி வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து விடுங்கள் என்றுதான் சுகாதார நிபுணர்கள் சொல்லுகிறார்கள். கேட்பவர் யார்?) கொசு மருந்து அடிப்பவர் வந்து போனார் என்பதோடு விஷயம் முடிந்துவிடும். அவர் தோளில் தொங்கிய யந்திரம் யாதென்று விசாரிப்பார் இல்லை.

அது ஒரு ஜெட் எஞ்சின். நாம் உவமையாகச் சொல்லவில்லை. கையில் தூக்கிச் செல்லும் வெப்பப் புகை யந்திரங்களில் பெரும்பாலானவை, இங்கிலீஷில் 'பல்ஸ்ஜெட்' என்று வழங்கும் துடிப்பு ஜெட் எஞ்சினையே உயிராகக் கொண்டவை. 1944-ஆம் வருஷத்தில் லண்டன் மாநகரத்தின் மீது பறந்து வந்த ஜெர்மன் பறக்கும் குண்டை உந்தித் தள்ளியதும் இதே வம்சத்து எஞ்சின்தான். அதே எஞ்சினை இன்று மேல் நாடுகளில் பல பேர், உத்தியோகம் முடிந்து வீடு திரும்பியபின், தங்கள் கொட்டகையில் தகடு வெட்டி, பற்றவைத்து, பொழுதுபோக்காகச் செய்து ஓட்டிப் பார்க்கிறார்கள். நமது ஊரிலோ அந்த எஞ்சினைத் தினந்தோறும் கையாளுகிறவருக்கு அது ஜெட் என்று எவரும் சொன்னதில்லை. ஜெட் எஞ்சினைப் பற்றிப் பரீட்சையில் பத்துப் பக்கம் எழுதும் மாணாக்கர்களில் பலர் அதைத் தொட்டுப் பார்த்ததில்லை. இவ்விருவருக்கும் இடையேயுள்ள தூரத்தைப் பற்றியே இன்று எழுதத் துணிந்தோம்.

முதலில் யந்திரத்தின் சூக்ஷுமத்தைச் சொல்லிவிடுகிறோம். அதில் மறைவான வித்தை எதுவுமில்லை. கொல்லன் உலையின் துருத்தியை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். அதன் அடியில் ஒரு தோல் மடிப்பு உண்டு. துருத்தி விரியும்போது மடிப்புத் திறந்து காற்றை உள்ளே விடும், அழுத்தும்போது தானே மூடிக்கொள்ளும். துடிப்பு ஜெட்டின் முன்வாயில் அதே காரியத்தை மெல்லிய எஃகு இதழ்கள் செய்கின்றன. இதழ்களுக்குப் பின்னால் ஒரு சிறிய எரிகூடம். அதற்குப் பின்னால் திறந்த வாயுள்ள நீண்ட குழல். எரிகூடத்தில் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்திருக்கும்போது ஒரு பொறி விழுந்தால் கலவை வெடிக்கிறது. அழுத்தத்தால் இதழ்கள் படீரென்று மூடிக்கொள்ள, வெந்த வாயு பின்பக்கக் குழல் வழியே பாய்ந்தோடுகிறது. ஓடும் வேகத்தில் வேண்டியதற்கு மேலேயே ஓடிவிடுகிறது. ஊஞ்சல் நடுவில் நிற்காமல் மறுபக்கம் ஏறுவதைப் போல. அதனால் எரிகூடத்தில் ஒரு கணம் வெறுமை உண்டாகிறது. இதழ்கள் திறந்து புதுக் காற்றும் எரிபொருளும் உள்ளே வருகின்றன. குழலில் மீந்து திரும்பும் நெருப்பே அடுத்த வெடிப்புக்குப் பொறியாகிறது. முதல் பொறிக்கு மட்டுமே பாட்டரியும் ஸ்பார்க் பிளக்கும் வேண்டும். பிறகு எரிபொருள் உள்ளவரை எஞ்சின் தன்னைத் தானே மூட்டிக்கொண்டு வினாடிக்குப் பல பத்துத் தடவை துடிக்கும். பிஸ்டன் இல்லை, சுழலும் சக்கரம் இல்லை. அசைவது அந்த இதழ்கள் மட்டுமே.

எத்தனை தடவை துடிக்கும் என்பதைக் குழலின் நீளமே பெரும்பாலும் நிர்ணயிக்கிறது. இதைச் சோழ நாட்டாருக்கு விளக்க வேண்டிய அவசியமே இல்லை. திமிரி நாகஸ்வரம் குட்டையானது, சுருதி உயர்ந்தது. பாரி நாகஸ்வரம் நீண்டது, சுருதி தாழ்ந்தது. நரசிங்கம்பேட்டை ஆசாரியார் ஆச்சா மரத்தைக் கடையும்போது எந்தக் கணக்கைக் கையில் வைத்திருக்கிறாரோ, அதே கணக்கு இங்கே எவர்சில்வர் குழலுக்கு வருகிறது. ஜெர்மன் குண்டின் எஞ்சின் ஏறக்குறைய 3.5 மீட்டர் நீளம். வினாடிக்கு 45 முதல் 50 தடவை வரை துடித்து, தாழ்ந்த உறுமலாய் ஒலித்தது. விளையாட்டு விமானங்களுக்காக அமெரிக்காவில் 1940-களின் பிற்பகுதியில் விற்பனைக்கு வந்த 'டைனாஜெட்' என்பது அரை மீட்டருக்குச் சற்று அதிக நீளம்; வினாடிக்குச் சுமார் 200 தடவை துடித்து, காதைத் துளைக்கும் கீச்சுக் குரலில் அலறியது. எடை ஒரு பவுண்டு. உந்து விசையோ நாலு பவுண்டுக்கு மேல்.

இந்த எஞ்சினுக்கு நம் திருவிழாக் கடைகளில் ஒரு தங்கை உண்டு. தேர்த் திருவிழாவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றவர்கள் அறிவார்கள்: அகலமான தட்டு நிறையத் தண்ணீர், அதில் 'டப டப' என்று சப்தமிட்டுச் சுற்றிச் சுற்றி வரும் வர்ணம் பூசிய தகரப் படகு. படகின் வயிற்றில் ஒரு சிறு திரி எரியும். திரிக்கு மேலே ஒரு தகர டப்பி. டப்பியிலிருந்து இரண்டு குழல்கள் படகின் பின்புறத்தில் நீருக்குள் முடியும். டப்பியில் உள்ள நீர் ஆவியாகி, குழலில் உள்ள நீரைப் பின்னோக்கித் தள்ளும். ஆவி குளிர்ந்து சுருங்கியதும் நீர் மறுபடி உள்ளே ஏறும். தாமஸ் பியோ என்பவர் 1891-இல் இங்கிலாந்தில் இதற்குப் பேட்டெண்டு வாங்கினார். நூறு வருஷங்களுக்கு மேலாகியும் நமது நாட்டில் இன்றும் தகர வேலைக்காரர்கள் இதைச் செய்து விற்கிறார்கள்.

நீரைத் தள்ளியபோது முன்னே போன படகு, நீரை உறிஞ்சும்போது அதே தூரம் பின்னே வர வேண்டாமோ என்று ஒரு கேள்வி எழும். கெட்டிக்காரப் பிள்ளைகள் கேட்பார்கள். பெரியவர்கள் பெரும்பாலும் மழுப்புவார்கள். விடை வீட்டுக் குத்துவிளக்கில் இருக்கிறது. ஒரு முழ தூரத்திலிருந்து விளக்கை ஊதி அணைத்துவிடலாம். அதே தூரத்திலிருந்து உறிஞ்சி அணைக்க முடியுமா? ஊதும் காற்று ஒரே திசையில் கோலாகப் போகிறது. உறிஞ்சும் காற்று எல்லாத் திசையிலிருந்தும் கூடி வருகிறது. வெளியே போவது திசையோடு போய், உள்ளே வருவது திசையின்றி வருவதால்தான் படகு முன்னேறுகிறது. இதழ்களே இல்லாத, வெறும் வளைந்த குழலாலான துடிப்பு ஜெட்டுகளும் உண்டு. அமெரிக்காவில் ஹில்லர் கம்பெனியில் ரேமண்ட் லாக்வுட் என்பவர் 1960-களின் முற்பகுதியில் வளர்த்த எஞ்சின் அத்தகையது. இரண்டு வாயும் பின்னோக்கியே இருக்கும்படி கொண்டை ஊசிபோல் வளைந்திருக்கும். அசையும் உறுப்பு ஒன்றுமே இல்லாததால், வீட்டில் செய்து பார்க்கும் அன்பர்களுக்கு அதன் மேல் தனிப் பிரியம். தகரப் படகின் ஆப்தபந்து என்று அதைத்தான் சொல்லவேண்டும்.

சரித்திரத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ருஷ்யாவில் கரவோதின், பிரான்ஸில் மார்க்கொன்னே ஆகியோர் இத்தகைய எரிகூடங்களுக்குப் பேட்டெண்டு பெற்றுவிட்டார்கள். ஜெர்மனியில் ம்யூனிக் நகரத்துப் பால் ஷ்மிட் 1930-களில் அதை விமானத்துக்கு ஏற்ற எஞ்சினாக்க உழைத்தார். ஆர்கஸ் கம்பெனியார் அதை முடித்துக் கொடுத்தார்கள். ஏறக்குறைய 300 கிலோகிராம் உந்து விசையுள்ள அந்தக் குழல், 850 கிலோகிராம் வெடிமருந்து நிரம்பிய ஆளில்லாத விமானத்தைச் சுமந்துகொண்டு 1944 ஜூன் 13-ஆம் தேதி முதல் தடவையாக லண்டனைத் தாக்கியது. அந்த உறுமல் கேட்கும் வரை ஜனங்களுக்குப் பயமில்லை. சட்டென்று நின்றால்தான் பயம். நின்றவுடன் குண்டு கீழே விழும். பிரிட்டனில் இதனால் மாண்ட குடிமக்கள் 6,000-க்கு மேல். இந்தக் குண்டுகளில் பலவற்றை மிட்டல்வெர்க் என்னும் மலைக்குடைவுத் தொழிற்சாலையிலே பட்டினியோடு செய்து முடித்தவர்கள் நாஜி முகாம் கைதிகள். எஞ்சினின் எளிமை அதற்குச் சாபமாகவும் அமைந்தது. அரை மணிக்கும் குறைவான ஒரே பிரயாணத்துக்கு உழைத்தால் போதும், பிறகு அழிந்து போகட்டும் என்று கணக்குப் போட்டே அதைச் செய்தார்கள். மலிவான தகடு, மலிவான பெட்ரோல், கைதிகளின் உயிரோ அதனினும் மலிவு.

யுத்தம் முடிந்தபின் அதே ஜெர்மனியில் அதே எஞ்சின் சிறுத்து, வயலுக்கும் வீதிக்கும் மருந்துப் புகை அடிக்கும் யந்திரமாயிற்று. குழலின் கடைவாயிலே மருந்துக் கரைசலைச் செலுத்தினால், சூடான வாயு அதை ஆவியாக்கி வெளியே தள்ளுகிறது. வெளிக் காற்றில் குளிர்ந்து மிக நுண்ணிய துளிகளாகிறது. நாம் புகை என்பது உண்மையில் மூடுபனியே. அமெரிக்காவில் வீடுகளுக்கு வெப்பமூட்டும் அடுப்புகளிலும் துடிப்பு எரிப்பைப் பயன்படுத்தினார்கள். யமனாக வந்தது குடும்பி ஆயிற்று என்று சொல்லலாம்.

வீட்டுப் பட்டறையில் இதைச் செய்வோரின் அனுபவம் எத்தகையது? அவர்கள் எழுதியவற்றைப் படித்தபோது நமக்கு நகைப்பும் மதிப்பும் ஒருங்கே உண்டாயின. எவர்சில்வர் தகட்டைக் கூம்பாக உருட்டுவதற்கே வாரக் கணக்கில் பாடுபடுகிறார்கள். எண்ணெய்க் கடைப் புனலை அரை மணியில் அடித்துக் கொடுக்கும் நம் ஊர்த் தகர வேலைக்காரரைப் பார்த்தால் அவர்கள் காலில் விழுவார்கள் என்று நினைக்கிறோம். பற்றவைத்த தையலில் ஊசிமுனைத் துவாரம் இருந்தாலும் எஞ்சின் முணுமுணுத்து அடங்கிவிடும். காற்றூதியை முன்வாயில் பிடித்து, எரிவாயுவைத் திறந்து, பொறி விட்டால், முதல் நாளில் பெரும்பாலும் ஒரு பெரிய 'பட்' என்ற சப்தமும் சிறிது கரியுமே பலன். குழலை ஓரங்குலம் வெட்டுவார்கள், போதாது. வெட்டியதை ஒட்டுவார்கள்; அதுவும் சரிவராது. மாதங்கள் கழித்து ஒரு நாள் சப்தங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து உறுமலாகிக் காற்றூதியை எடுத்தபின்னும் நிற்காமல் ஓடும். குழல் செக்கச் சிவந்து பகலிலும் ஜொலிக்கும். அந்த நிமிஷத்துக்காகவே அத்தனை பிரயத்தனமும். அதனால் அவர்களுக்கு ஒரு காசு வருமானமில்லை.

தேசத்துக்குத்தான் இதனால் என்ன வருமானம் என்று கேட்கலாம். நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். துடிப்பு ஜெட்டால் நல்ல பிரயாண விமானம் ஒன்றும் அமையாது. காற்றை முன்கூட்டி அழுத்தாமலே எரிப்பதால் இது எரிபொருளை வாரிக் குடிக்கும். இதழ்கள் சீக்கிரம் உளுத்துப் போகும். இரைச்சலோ சொல்லி மாளாது. இதைக் கொண்டு பெரிய தொழிற்சாலை நடத்தலாமென்று எவரேனும் பங்கு சேர்க்க வந்தால், வாசகர்கள் பணப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வது நலம்.

ஆனால் வேறொரு கணக்கும் இருக்கிறது. போர் விமானத்துக்கான காவேரி எஞ்சினை நாமே செய்துகொள்வதென்று 1989-இல் நமது சர்க்கார் தீர்மானித்தார்கள். 2001 ஜனவரியில் முதன்முதலாய்ப் பறந்த தேஜஸ் விமானம் இன்றளவும் அமெரிக்க எஞ்சினைக் கொண்டே பறக்கிறது. பெங்களூர் நிபுணர்களின் உழைப்பைக் குறை கூற நாம் வரவில்லை. அது உலகத்திலேயே மிகச் சில தேசங்களுக்கு மட்டும் கைவந்த வித்தை. அந்தச் சில தேசங்களில் அவ்வித்தை எங்கிருந்து முளைத்தது என்பதையே நோக்குகிறோம். 1930-இல் ஜெட் எஞ்சினுக்குப் பேட்டெண்டு கேட்டு, 1937 ஏப்ரலில் அதை ஓட்டியும் காட்டிய இங்கிலீஷ்காரர் பிராங்க் விட்டில், விமானப் படையில் சிறுவனாகத் தொழில் பழகச் சேர்ந்தவர். அங்கே விளையாட்டு விமானங்கள் செய்து கை பழகியவர். அதே 1937-இல் கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின்சார மோட்டாரை இங்கேயே செய்தார்கள். நாயுடு பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவரல்லர்; யந்திரங்களைப் பிரித்துப் பார்த்துப் படித்தவர். உலோகத்தோடு மல்லுக்கட்டி, தோற்று, மறுபடி மல்லுக்கட்டிய ஆயிரம் கைகள் ஒரு தேசத்தில் இருந்தால், அவற்றுள் ஒன்று பெரிய எஞ்சினைச் செய்யும். ஆயிரம் விடைத்தாள்களிலிருந்து அந்த ஒரு கை கிடைக்குமென்று நமக்குத் தோன்றவில்லை.

அண்ணாமலை நகரைக் குறித்து இதை எழுதுவதற்குக் காரணமுண்டு. 1929-இல் ராஜா ஸர் அண்ணாமலை செட்டியார் ஸ்தாபித்த சர்வகலாசாலை அது. 1940-களிலிருந்தே இஞ்சினீயரிங் போதிப்பது. 2013 முதல் மாகாண சர்க்காரின் நிர்வாகத்தில் இருப்பது. தமிழிசைக்கும் இஞ்சினீயரிங்குக்கும் ஒரே வளாகத்தில் இடமிருப்பது எத்தனை சர்வகலாசாலைகளில் கிட்டும்? குழலில் காற்று எப்படித் துடிக்கிறது என்பதை நாகஸ்வரம் பயிலும் மாணவரும் யந்திரம் பயிலும் மாணவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேச முடிகிற இடம் அது. பேசுகிறார்களா என்பது வேறு விஷயம்.

இன்னொரு காரணம் அந்த மண்ணின் பழைய கதை. அண்ணாமலை நகரிலிருந்து சுமார் 10 மைல் தூரத்தில் இருக்கிறது பரங்கிப்பேட்டை. 1781 ஜூலை முதல் தேதி ஹைதர் அலியும் ஸர் அயர் கூட்டும் மோதிய களம் அதுவே. அதற்குப் பதினைந்து நாள் முன்னர்தான் கோட்டையாக்கப்பட்டிருந்த சிதம்பரம் கோயிலைத் தாக்கி, கூட்டின் சேனை முறியடிக்கப்பட்டுத் திரும்பியிருந்தது. மைசூர்ச் சேனையிடம் இரும்புக் குழலில் மருந்து அடைத்த வாணங்கள் இருந்தன. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கம்பெனிப் படையைக் கலக்கியவற்றுள் அவையும் சேர்த்தி. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அந்த வாணங்கள் இங்கிலாந்துக்குப் போயின. அவற்றைப் பார்த்து காங்கிரீவ் தமது ராக்கெட்டுகளைச் செய்து பெயர் பெற்றார். காங்கிரீவின் பெயர் நம் பாடப் புத்தகங்களில் இருக்கிறது. அந்த இரும்புக் குழலை அடித்து உருட்டிய கொல்லரின் பெயர் எதிலும் இல்லை.

பிறகு அதே பரங்கிப்பேட்டையில் 1830 வாக்கில், சென்னை சிவில் உத்தியோகத்திலிருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் இரும்பு உருக்கும் ஆலை தொடங்கினார். சேலத்துக் கனிப்பொருள், காட்டுக் கரி, ஊர்க் கூலிகள். உருக்கிய இரும்பு கப்பலேறி இங்கிலாந்தின் ஷெப்பீல்டுக்குச் சென்றது. ஆலை நஷ்டத்தில் மூழ்கியது. ஹீத் தாயகம் திரும்பி, எஃகில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு 1839-இல் பேட்டெண்டு வாங்கினார். ஷெப்பீல்டு எஃகு முதலாளிகள் அதிலும் ஒரு சந்து கண்டுபிடித்து, அவருக்குச் சேர வேண்டியதைக் கொடுக்காமல் வழக்காடினார்கள். இரும்பும் போயிற்று, வித்தையும் போயிற்று. பரங்கிப்பேட்டையில் இன்று அண்ணாமலை சர்வகலாசாலையின் கடல் உயிர் நூல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அது நல்லதே. உலை இருந்த சுவடுதான் இல்லை.

இனி ஆட்சேபங்களுக்கு வருவோம். மூன்று ஆட்சேபங்கள் எழும், மூன்றும் நியாயமானவையே.

அபாயம் என்பது முதலாவது. பெட்ரோல் ஆவி விளையாட்டுப் பொருளன்று. சிவந்த குழல் சதையைத் தொட்டால் எலும்பு வரை போகும். மூடிய அறையில் ஓட்டினால் நச்சு வாயு மூச்சை நிறுத்தும். கண்ணாடி ஜாடியில் எரிசாராயம் விட்டு, மூடியில் துளையிட்டு, 'ஜாடி ஜெட்' என்று சிலர் வேடிக்கை காட்டுவதுண்டு. வெப்பத்தில் கண்ணாடி சிதறிக் கண்ணைப் பறிக்கக்கூடிய அந்த விளையாட்டை நமது பிள்ளைகள் எவரும் முயலக்கூடாதென்று வன்மையாகச் சொல்லுகிறோம். சமையலுக்கென்று வீட்டுக்குக் கொடுத்த எரிவாயு உருளையை இதற்கு எடுத்துச் செல்வது ஆபத்து மட்டுமன்று, சட்டவிரோதமும் ஆகும். ஆனால் அபாயம் இருப்பதனாலேயே சர்வகலாசாலை வேண்டும் என்கிறோம். விடுதி மொட்டை மாடியில் இரகசியமாக மூன்று பையன்கள் செய்கிற காரியத்தைப் பகிரங்கமாகச் செங்கல் சுவருக்குப் பின்னால், மணல் வாளியும் காது மூடியும் வைத்துக்கொண்டு, ஓர் ஆசிரியரின் பார்வையில் செய்தால் என்ன? தடுத்துவிட்டோம் என்று அதிகாரிகள் எண்ணிக்கொள்ளும்போது பெரும்பாலும் நடப்பது கண் மறைவே.

இது ஆயுதமாகிவிடாதா என்பது இரண்டாவது. நியூஜிலாந்தில் ப்ரூஸ் ஸிம்ஸன் என்பவர் துடிப்பு ஜெட் செய்வதில் பெயர் பெற்றவர். 5,000 டாலருக்குள் ஓர் ஏவுகணையையே வீட்டுக் கொட்டகையில் செய்து காட்டுகிறேன் என்று 2003-இல் பகிரங்கமாக அறிவித்துப் பெரிய பரபரப்பை உண்டாக்கினார். அந்த நாட்டுச் சர்க்காருக்கு அது ரசிக்கவில்லை; ரசிக்காததில் வியப்புமில்லை. எச்சரிக்கை செய்வதற்காகவே அறிவித்தேன் என்று அவர் சொன்னாலும், அந்தப் பெயரைச் சூட்டியது அறிவுடைமையன்று என்பதே நமது அபிப்பிராயம். எஞ்சின் வேறு, ஆயுதம் வேறு. குறி பார்க்கும் கருவியும் வெடிமருந்தும் சேர்ந்தால்தான் ஆயுதம். அவையில்லாத துடிப்பு ஜெட் இரைச்சலிடும் அடுப்பு. ஆகையால் நமது மாணாக்கர் எஞ்சினை இரும்புச் சட்டத்தில் பூட்டி, நிலத்தில் நிறுத்தி, தராசு வைத்து அதன் தள்ளுவிசையை அளக்கட்டும். பறக்க விட வேண்டாம். ஆளில்லாத விமானங்களுக்கு 2021-ஆம் வருஷத்து விதிகள் இருக்கின்றன. அவற்றோடு மோதிக்கொள்ள இப்போது அவசியமில்லை. லண்டனில் மாண்டவர்களையும் குடைவில் மாண்ட கைதிகளையும் பற்றி முதல் நாள் பாடத்திலேயே சொல்லிவிடுவதும் தகும். எந்த யந்திரத்தையும் அதன் சரித்திரத்தோடு கற்பிப்பதே முறை.

மூன்றாவது இரைச்சல். இதற்கு நம்மிடம் நல்ல பதில் இல்லை. பரீட்சை மாதங்களில் ஓட்டக்கூடாது. இரவில் கூடவே கூடாது. அண்ணாமலை நகர் விடுதிவாசிகள் இதற்கே நமக்கு நன்றி சொல்வார்கள்.

நாம் கோருவது பெரிய காரியமன்று. ஒரு கொட்டகை, தகடு வெட்டும் கத்திரி, பற்றவைக்கும் கருவி. முதல் மாதம் தகரப் படகு செய்யட்டும். பூனாவில் அரவிந்த் குப்தா என்னும் விஞ்ஞான விளையாட்டுப் பொருள் நிபுணர், குளிர்பான டப்பாவின் தகட்டிலிருந்து அத்தகைய படகைச் செய்யும் விதத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்கே கற்பித்திருக்கிறார். இஞ்சினீயரிங் மாணவருக்கு அது அவமானமாகத் தோன்றினால், முதல் படகு ஓட மறுக்கும்போது அந்தக் கர்வம் தானே தணியும். அதன் பிறகு இதழில்லாத குழல். அதன் பிறகு இதழுள்ளது. ஊர்த் தகரப் பட்டறைக்காரர் ஒருவரைக் கூம்பு உருட்டக் கற்றுக் கொடுக்க அழைக்கவேண்டும். அழைத்தால் நாற்காலியும் சம்பளமும் கொடுத்து ஆசிரியராக உட்கார வைக்கவேண்டும். 'ஏய், இதை அடி' என்று நிறுத்தி வைப்பதற்காக அழைப்பதாயின் அழைக்காமலே இருக்கலாம்.

எஞ்சினை மூட்டக் கற்றுக் கொடுக்க யாரை அழைப்பது என்ற கேள்வி மீந்திருக்கிறது. அதற்கும் ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. மாலைதோறும் அந்தக் குழலைச் சுமந்து நடக்கும் கொசு ஒழிப்புப் பணியாளர், எரிபொருள் அதிகமானால் சப்தம் எப்படித் தடிக்கும், இதழில் கரி பிடித்தால் எப்படி இருமும், ஈரம் புகுந்தால் எத்தனை தடவை பம்பு அடிக்கவேண்டும் என்பதையெல்லாம் காதாலேயே அறிவார். பல ஊர்களில் அந்தக் காதை மூட ஒரு துண்டுப் பஞ்சும் அவருக்குக் கொடுக்கப்படாததை நாம் கண்டிருக்கிறோம். கொட்டகைக்கு வாங்கும் காது மூடிகளில் முதலாவதை அவரிடம் கொடுக்கட்டும். அவருக்கு வேலை பொழுது சாயும்போது தொடங்குவதால், பாடத்தைப் பகல் பதினோரு மணிக்கு வைத்துக்கொள்வது சௌகரியம்.